தூரம், கிலோமீற்றரில்

பெட்டையின் பெயர் லக்சிகா.
திருநெல்வேலியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.
முதல்நாள் நீதிபதியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினாள்,
பிறகு ஒருவரும் கேட்கவில்லை.
கோப்பறையில் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்து
பத்து வருசத்து விவாகரத்தை
மடிக்கணினியில் ஏற்றுகிறாள்.

மணமகள் வயது. வயது வித்தியாசம்.
சீதனம்: காணியா, காசா, இரண்டுமா.
காதலா, பேசிச் செய்ததா. பேசினது யார்.
குறிப்புப் பொருத்தம் பத்துக்கு எத்தனை.
இருவருக்கும் இடையிலான தூரம், கிலோமீற்றரில்.

"தூரந்தான் அன்ரி முதல் காரணி" என்கிறாள்.
கலியாணம் முடிஞ்ச கையோடு விமானம் ஏறினவர்கள்,
ஸ்பொன்சர் கடிதத்துக்குக் காத்திருந்து
போனிலேயே சண்டை பிடித்து
போனிலேயே ஓய்ந்தவர்கள்.
தலையாட்டினேன்.
பதினெட்டு வருசமாக இந்தக் கோப்புகளுக்கு
நான்தான் நூல் கட்டுகிறேன்.
சட்டத்துக்கு மூன்று காரணம்தான் தெரியும்.
மூன்றில் மானம் குறைவாகப் போவது
வன்மமான கைவிடல் என்று
சட்டத்தரணிமார் அதையே எழுதுகிறார்கள்.

உள்ளே கிடப்பது வேறு.
உமாசுதன், பிருந்தாஜினி கோப்பில்
ஒரு பிறிஜ் வாங்கின ரசீது,
பின்பக்கம் அவளுடைய கையெழுத்தில்
"முட்டை, சவர்க்காரம், உங்கடை மருந்து."
தேடிய தேட்டத்தில் பாதி அவளுக்கென்று காட்ட
பி 7 என அடையாளமிட்டிருக்கிறார்கள்.
முன்பக்கத்துக்குத்தான் இலக்கம்.

இன்னொருவர்,
தீர்ப்புக்குப் பிறகான மூன்று மாதத் தவணையில்
நாலு தரம் வந்து யன்னலடியில் நின்று
"இன்னும் எத்தனை நாள் கிடக்கு" என்று கேட்டார்.
அவசரப்படுகிறார் என்று நினைத்தேன்.
கடைசி நாள் வரவில்லை.
இதை எந்த நிரலில் போடுவதென்று லக்சிகா கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலை மடித்துவிட்டு
"உங்கடையைப் போட்டுப் பாப்பமா அன்ரி?"
பத்தொன்பது வயது.
தொண்ணூற்றாறு தை மாதம்,
இடம்பெயர்ந்திருந்த கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில்,
குறிப்புப் பாராமல்.
சீதனம் ஒரு சைக்கிள், அதுவும் செயின் கழன்றது.
தட்டினாள், சிரித்தாள்.
"எழுபத்தொரு வீதம்! நீங்கள் எப்பவோ பிரிஞ்சிருக்க வேணும்.
பொறுங்கோ, தூரம்?"
ஒரே வீடுதான் என்றேன்.
பூச்சியம் போட்டாள்.
பத்தொன்பதுக்கு இறங்கியது.
அவளுக்கு அப்படிச் சந்தோசம்.

எங்களுக்குள் கதை நின்று ஒன்பது வருசம்.
ஒரு அடகுச் சீட்டில் தொடங்கியது,
நகை மீண்டுவிட்டது.
மகன் இருந்தவரை அவன் ஊடாக:
"மோட்டரை நிப்பாட்டட்டாம் எண்டு அப்பாவிட்டைச் சொல்லு."
அவன் இப்போது ரொறன்ரோவில்.
குசினியில் காஸ் முடிந்தால்
அவனுக்கு வட்ஸ்அப்பில் போடுகிறேன்.
பின்னேரமென்றால் அங்கே விடியும்வரை பொறுக்க வேணும்.
அவன் எழும்பித் தகப்பனுக்குப் போடுகிறான்.
முன்னறையில் அவருடைய போன் சிணுங்குவது
எனக்குக் கேட்கும்.
குசினியிலிருந்து முன்னறைக்குப் பதினொரு அடி.
கனடா போய் வந்தால்
இருபத்தேழாயிரம் கிலோமீற்றர்.

இந்தப் பக்கம் விவாகரத்து குறைவு என்று
லக்சிகா முதற் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.
சரிதான்.
நான்தானே எண்ணிக் குடுத்தேன்.

நேற்று விடியச் செய்தி போட்டுவிட்டு வேலைக்கு வந்தேன்.
பின்னேரம் போனால் சிலிண்டர் மாற்றியிருந்தது.
காஸ் கசிகிறதா என்று
சவர்க்கார நுரை பூசிப் பார்த்த அடையாளம்,
துடைத்தும் கழுத்தடியில் கொஞ்சம் வெள்ளை.
மேசையில் பில், மிச்சக்காசு,
பறக்காமல் இருக்க மேலே ஒரு தேசிக்காய்.

தேத்தண்ணி இரண்டு ஊற்றினேன்.
ஒன்றை மூடி வைத்தேன், வழமைபோல்.
பில்லைக் கம்பியில் குத்தினேன்.
தேசிக்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கனநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.