ஒரு சதுர கிலோமீட்டர்

பாடாங் செராய் எடைப்பாலத்தில் கிராணி நான்.
லோரி ஏறி நிற்கும், முள் நடுங்கும்.
அது அடங்குவதற்குள் நாளிதழில் வெளிநாட்டுப் பக்கம்.
மற்றப் பக்கங்களை டிரைவர்கள் உருவிப் போயிருப்பார்கள்.

தொண்ணூற்றெட்டு, அக்டோபர் கடைசி.
பெருவும் எக்குவடோரும் கையெழுத்துப் போட்டன.
பக்கத்தில் பிரேசில், அர்ஜென்டினா, சிலி,
கூடவே அமெரிக்கா.
நாற்பத்திரண்டில் ஜாமீன் நின்ற நான்கும்
ஐம்பத்தாறு வருஷம் கழித்து
அதே ஜாமீனுக்கு வந்து நின்றன.
நாற்பத்திரண்டில்
ஜப்பான்காரன் சைக்கிள்
எங்களைத் தாண்டித் தெற்கே போயிருந்தது.
எங்களுக்கு யாரும் ஜாமீன் நிற்கவில்லை.

எங்கள் சண்டை இடுகாட்டுக்கு.
மேல் டிவிஷன் ஒரு கம்பெனிக்கு விற்றாயிற்று,
கீழ் டிவிஷன் இன்னொன்றுக்கு.
அளவைக்காரன் சிவப்புக் குச்சி நட்டான்.
கீழ் லயத்துப் பிணங்கள் ஒரே மத்தியானத்தில்
மேல் கம்பெனி மண்ணுக்குக் குடிபோயின.
வேலி கட்டாவிட்டால் வேலை இல்லை என்றதும்
மேல் லயத்துப் பையன்கள் கட்டினார்கள்.
சிங்காரம் அறுத்தான்.
மண்டையில் ஏழு தையல்.

பஞ்சாயத்துக்கு மூன்று தோட்டத்தார்.
அல்போன்ஸும் நாகப்பனும்
ஒரு பந்து விளையாட்டுக் கோப்பைக்காக
ஏழு வருஷம் முகம் பார்க்காதவர்கள்,
ஒரே வேனில் வந்து இறங்கினார்கள்.
சங்கத்துப் புஷ்பலீலா ஓட்டி வந்தாள்.
பேச்சு எடைப்பாலத்தில்தான். இருவருக்கும்
பொதுவான கூரை ஊரில் இது ஒன்றே.

மூன்று மணி நேரம். நாலு முறை தே-ஓ.
பேச்சு நின்றபோது, சும்மா இருக்க முடியாமல்,
பேப்பரைப் படித்தேன்:
'செத்த சிப்பாய்கள் கிடக்கும் இடம்,
ஒரு சதுர கிலோமீட்டர்.
மண் பெருவுக்கே. ஆட்சியும் பெருவுக்கே.
பட்டா மட்டும் எக்குவடோருக்கு.'

"மறுபடி படிங்க கிராணி" என்றாள் புஷ்பலீலா.
"எங்கய்யா இருக்கு அந்த ஊரு?"
"கித்தா மரத்துக்குத் தாய்வீட்டுப் பக்கம்."
"அப்ப சம்பந்தி வீட்டு வழக்கு"
என்றார் அல்போன்ஸ். நாகப்பன் சிரித்துவிட்டார்.
சிரித்ததை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதினோம்:
நிலம் மேல் கம்பெனிக்கு. குழி கீழ் லயத்துக்கு.
கேட்டுக்குப் பூட்டு ஒன்று, சாவி இரண்டு.
வேலைக்கு ஆபத்து வந்தால் மூன்று தோட்டமும் வரும்.
ஜாமீன் கையெழுத்து மூன்று, என் சிவப்புப் பேனாவில்.
மேனேஜர் படிக்கவில்லை.
ஜாகாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

நவம்பர் மழையில் முதலில் போனது காத்தாயி.
ஜாகா பாக் ஹாமிட் நனையாமல் புத்தகம் விரித்து
'உள்ளே: நாற்பத்தொன்று' என்றெழுதினார்,
பாடையில் இருந்தவளையும் சேர்த்து.
திரும்பும்போது எண்ணினார். முப்பத்தொன்பது.
அவளைக் கழித்தாலும் ஒன்று குறைகிறது.

சிங்காரம் இன்னும் உள்ளேதான்.
மேல் லயத்துப் பையன் ஒருவன் குடை பிடிக்க,
தான் அறுத்த இடத்தில்
கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.
பாக் ஹாமிட்
பேனாவை மூடாமல் காத்திருந்தார்.