தொடரவா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எனக்கு இரவு முறை.
ஸ்டேஷன் ஓர் எண் சொல்லும், நான் ஓர் எண் சொல்வேன்,
நோட்டில் ஏறிய பிறகே கதவு இறங்கும்.
கேட்டில் கேட்டுக் கேட்டுச் செய்கிறவனுக்கு
வீட்டில் ஒன்றாவது
கேட்காமல் ஓடட்டுமே என்றிருந்தது.

கொட்டகையில் நானே பூட்டிய சிஎன்சி,
மூன்று அச்சு, ஒரு மூலை கொஞ்சம் கோணல்.
ஓட்டிக்கொண்டிருந்த லேப்டாப்
போன கார்த்திகையில், பாதி மீன் வெட்டியிருக்கையில்,
அப்டேட் ஆகப் போய்விட்டது.
மீன் அலமாரியில் இருக்கிறது, வாலில்லாமல்.

இனி தனிக் கன்ட்ரோலர்தான். பென்டிரைவ் போதும்.
திருச்சியிலிருந்து அருள்பிரகாசம் இரண்டு கொண்டுவந்தான்,
பிடிக்காததைத் திருப்பலாம்.
ஒன்று வண்ணத்திரை, நாலு அச்சு, மலிவு.
மற்றது பச்சை எழுத்து, விலை இரட்டிப்பு, கையேடு சீனத்தில்.
"பஸ் டிக்கெட் மெஷினா?" என்றாள் பரிமளா.

கோரையாற்றுப் பக்கம் இடித்தது.
ஏழரைக்குப் போன கரண்ட் எட்டேகாலுக்கு வந்தது.
வண்ணத்திரை விழித்த கணமே நகர்ந்தது,
ஸ்பிண்டில் சுற்றுவதற்கும் முன்னால்.
கட்டர் பலகையில் இடித்து, டக்.
தூசி தட்டிக்கொண்டிருந்த என் கை
நாலு விரற்கடை தள்ளி இருந்தது.

மறுநாள் பச்சை எழுத்தைப் பூட்டி
நடுவெட்டில் நானே மெயினை அணைத்துப் போட்டேன்.
நின்றது.
வரி 2114 என்றது.
தொடரவா என்றது.

"எழுபத்து மூன்று" என்றேன்,
நோட்டைத் தேடிக்கொண்டு.