கொத்து

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூன்றாவது கடை, மாடியில்.
படி பதினெட்டு.
எண்ணியது இடது கால்.
வலது கால் சும்மா கூட வந்தது.

வள்ளவிளை மைதானம், அறுபத்து மூன்றாம் நிமிடம்,
பந்து எனக்கும் கொடிக்கம்புக்கும் நடுவே.
பின்னாலிருந்து யாரோ
தொடையில் கல்லெறிந்தார்கள் என்றுதான் நினைத்தேன்.
திரும்பிப் பார்த்தால் ஆளில்லை.
மணல் மட்டும்.

ஷோபிதா என்று பலகையில் இருந்தது.
குலசேகரத்துக்காரி, ரப்பர் வெட்டும் வீடு.
திற்பரப்பில் விழுகிற தண்ணீர் போய்ச் சேரும் இடம்,
அவ்வளவுதான் அவளுக்குக் கடல்.

நான் பதினோரு வருடம் ஆழ்கடல் போகிறவன்.
சூரைத் தூண்டில் உள்ளங்கையில் ஏறியபோது
முனையை மறுபக்கம் தள்ளி
எதிர்முள்ளைக் கட்டரால் வெட்டி
உப்புத் தண்ணீரில் கையைக் கழுவி
அன்றைக்கே கயிறு இழுத்தவன்.
முடியளவு ஊசியைக் கண்டதும் வேர்த்தது.
"அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றேன்.
அது முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கவிழ்ந்து படுத்தேன்.
முழங்கால் மடிப்பில் ஒன்று,
கெண்டைச் சதை பிரியும் இடத்தில் ஒன்று,
கணுக்காலுக்கு வெளியே ரெண்டு.
வலிக்கிற இடத்துக்கு அவள் வரவேயில்லை.
"தொடையில்லா கிழிஞ்சது?"
"தெரியும். அங்க இப்ப நீர் கட்டிக் கெடக்கு. தொடப்படாது."

ஒரு ஊசியைப் பிடித்து
திருகினாளா இல்லையா என்றே தெரியாமல் திருகினாள்.
"ஏதாவது வருதா?"
வரவில்லை.
"இப்ப?"
இல்லை.
அப்புறம் வந்தது.

இரவு ரெண்டு மணிக்கு என்ஜினை அணைத்துவிட்டு
நூலை விரலில் போட்டுக் கிடக்கும்போது
கீழே நூறு பாகத்தில் ஏதோ ஒன்று
தின்பதா வேண்டாமா என்று தீர்மானிக்காமல்
வாயை வைக்குமே,
அது.
வலி இல்லை. கனம்.
கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை
ஒரு கனம் நடந்து போனது.

"கொத்துது" என்றேன்.
"என்னது?"
"கனமாட்டு உண்டு."
அவள் விரலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்;
அதற்குள் திருகுவதை நிறுத்தியிருந்தாள்.
மேலே பாலத்தில் தக்கலை பஸ் ஒன்று போனது.
நாலு ஊசியும் லேசாக ஆடின.

நாலாம் முறை வந்த அன்று
குனிந்து செருப்பு வாரை நானே மாட்டினேன்.
ஞாயிறு இறுதி ஆட்டம்.
"வலி இல்ல" என்றேன். முக்கால்வாசி உண்மை.
குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு
"மடக்கி இழுங்க" என்றாள்.
இழுத்தேன்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, தொடையைப் பார்த்தாள்.
முகம் சமாளித்துவிட்டது.
தொடைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"வலி குறையும், இறுக்கம் விடும், உறக்கம் வரும்.
கிழிஞ்சத ஊசி தைக்காது, கேட்டியளா?
அது நாளெடுத்துத்தான் சேரும்.
ஆறு வாரம். அடுத்த தடவை ரப்பர் பட்டை தர்றேன்,
பைய இழுக்கணும். பைய."

ஆறு வாரம் என்றால் போட்டும் போச்சு.
வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பட்டணத்தில் ஐஸ் ஏற்றிப் போனார்கள்.
என் இடத்தில் வின்சோ.
இங்கே வலது ஓரத்தில் அவன் தம்பி ஜோபின்.
என் ரெண்டு இடமும் ஒரே வீட்டுக்கு.

புறப்படும்போது காதுமடலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள்.
உள்ளே கடுகளவு ஒரு விதை.
"கால் வலிச்சா அமுக்குங்க."

ஞாயிறு.
பெஞ்சில்கூட இல்லை, கோயில் மதில்மேல்.
எழுபதாம் நிமிடம், அதே கொடிக்கம்புப் பக்கம்,
ஜோபின் பந்தை உள்ளே வெட்டுகிறான்,
வெட்டக் கூடாது, ஓரத்தோடு போகணும்,
அங்கே ஆளே இல்லையே டேய்,
மதிலை ஒரு கால் உதைத்தது.
இடது கால்.
வலது சொன்னபடி கேட்டுக் கிடந்தது,
ஒரு நோவும் இல்லாமல்.

நான் காதை அமுக்கிக்கொண்டிருந்தேன்.