வடக்குப் பக்கம்

கோவாய் விதைக்குத் தோல் கல் மாதிரி.
நகம் தேய்க்கும் அரத்தால் சுரண்டி
வெந்நீரில் ஓரிரவு போட்டேன்.
ஏழில் மூன்று வீங்கின.
டனீடின் பனிக்கு இரண்டு போயின.

எட்டு வருடம் இலைதான்.
ஒன்பதாவது செப்டம்பரில்
இலையை உதிர்த்துவிட்டு
மஞ்சளாய்த் தொங்கியது;
மரம் முழுக்க அல்ல,
வெயில் வரும் வடக்குப் பக்கம் மட்டும்,
ட்ரெவரின் வெள்ளைக் கார்மேல்.

வாளியில் அள்ளிவந்து
வேலிமேல் வைத்தார்.
"உங்களுடையது, நைரி."
வாங்கிக்கொண்டேன். வேறென்ன சொல்ல.

மறுநாள் டூயிப் பறவை வந்தது.
தலைகீழாய்த் தொங்கித் தேன் குடித்தது,
தொண்டையில் இரண்டு வெள்ளைப் பஞ்சோடு.
வேலிக்கு அந்தப் பக்கம்
குழாய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இந்த வருடம்
அவர் கார் தெருவில் நிற்கிறது.
அது நின்ற இடத்தில் ஒரு நாற்காலி.
அதன்மேலும் பூ.