ஏழுடன் இரண்டு

ஆர்மிடேலில் ஜூலை. இரவு இரண்டே கால்.
ஜன்னலின் உட்புறத்திலும் பனி படிந்திருக்கிறது.
மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு
போர்வைக்குள் மடிக்கணினியை இழுத்துக்கொண்டேன்.
அது சூடாக இருக்கிறது.
திரையின் ஒரு பாதியில் உருகுவேயும் ருமேனியாவும்.
மறுபாதியில்
யாரோ எழுதிய, யாரும் திருத்தலாம் என்று விட்ட நிரல்.

இரண்டு நாடுகளிலும் எனக்கு யாரையும் தெரியாது.
பலாக்கொட்டை போல ஒரு பந்து,
விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று
பந்துக்கே தெரியாது.
அதற்காகத்தான் விழித்திருக்கிறேன்.

கரூரிலிருந்து அப்பா போன வாரம் கேட்டார்:
பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டே
எப்படிடா முன்னால் போவார்கள்?
அதே மூச்சில் இன்னொன்று:
சம்பளம் இல்லாமல்
யாருக்கடா ராத்திரி ராத்திரி வேலை செய்கிறாய்?
இரண்டுக்கும் சேர்த்து
ஓடிக்கொண்டே கொடுக்க வேண்டும்ப்பா என்றேன்.
சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எதிர்க்கட்டிலில் ஃபெலேட்டி தூங்குகிறான்.
டோங்காக்காரன், கல்லூரி அணியின் முன்வரிசை.
காது வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி.
நான் பயிற்சிக்குப் போகும் அலுவலகத்தில்
தினமும் ஸ்க்ரம் உண்டு என்றதும் ஆசையாக வந்தான்.
ஒன்பது பேர் காப்பிக் கோப்பையோடு நின்று
நேற்று என்ன செய்தோம் என்று சொல்லிக் கலைந்தார்கள்.
‘யாரும் யாரையும் தள்ளவே இல்லையே’ என்றான்
லிஃப்டில், மிகுந்த வருத்தத்தோடு.

கோட்டுக்கு ஐந்து மீட்டரில் குவியலைச் சரித்தார்கள் ருமேனியர்கள்.
நடுவர் கம்பங்களுக்கு அடியில் ஓடிப்போய்க் கை தூக்கினார்.
பெனால்ட்டி ட்ரை.
முழுசாக ஏழு. உதை கிடையாது.
பன்னிரண்டில் இருந்த உருகுவே பத்தொன்பது.
எங்கள் செயலி மட்டும் இருபத்தொன்று என்றது.

ஏழைப் போட்டுவிட்டு
பழைய பழக்கத்தில்
உதைக்கும் இரண்டு சேர்த்திருக்கிறது.
நாற்பத்து மூன்றாவது வரி.
ஒரே ஒரு நிபந்தனை. திருத்தி அனுப்பினேன்.

பொறுப்பாளர் பெயர் மிலாக்ரோஸ்.
பைசாந்து என்ற ஊர் என்பதற்கு மேல் தெரியாது.
ஆறு நிமிடத்தில் பதில்:
‘சரிதான். ஆனால் சோதனை எங்கே?
சோதனை இல்லாமல் சேர்க்க மாட்டேன்.
மெதுவாகப் படிப்பேன், பொறுத்துக்கொள்,
மைதானத்தில் இருக்கிறேன், மழை.’

நான் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைத் தேடினேன்.
கேமரா திரும்பும்போதெல்லாம்
நீலக் குடைகள், நனைந்த கொடிகள்,
மேற்கு வரிசையில் ஒரு மஞ்சள் மழைச்சட்டை,
எல்லோரும் எழுந்து கத்தும்போது
அது மட்டும் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிறது.
அவளாகத்தான் இருக்க வேண்டும்.
இல்லாமலும் இருக்கலாம்.

சோதனை எழுதினேன், விரல் விறைக்க.
ஏழு வந்தால் ஏழாகவே நிற்கிறதா?
நிற்கிறது.
எழுபத்தெட்டாவது நிமிடத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அதற்குள் என் இணைப்பு அறுந்து படம் உறைந்துவிட்டது.
பந்து காற்றில், நான்கு கைகள் அதற்குக் கீழே.
செயலி மட்டும் மெல்ல ஓடியது:
உருகுவே ஒரு உதையில் இருபத்திரண்டு.
ருமேனியா இருபத்து மூன்று.
முடிந்தது.

கூட்டிப் பார்க்க விரல் தேவைப்படவில்லை.
நான் வாயை மூடிக்கொண்டு தூங்கியிருந்தால்
அந்தச் செயலியிலாவது
இருபத்து நான்குக்கு இருபத்து மூன்று என்று
அவள் நாடு ஜெயித்திருக்கும்.

மன்னிப்புக் கேட்பதா என்று யோசித்துத்
தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தபோது
அவளே எழுதினாள்:
‘நன்றி. துல்லியமாகத் தோற்றோம்.
பேருந்து ஐந்து மணி நேரம்.
போகிற வழியில் அடுத்த பிழையைப் பார்க்கிறேன்.’

ஃபெலேட்டி புரண்டு படுத்தான்.
யார்?
ருமேனியா. ஒரு புள்ளி.
நிச்சயமாகவா?

உரிமத்தில் எழுதியிருப்பதைச் சொன்னேன்:
உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் ஏதும் கிடையாது.
பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு,
சோதனை எழுதியிருக்கிறேன் என்றேன்.