இருநூறு லிட்டர்

ஓஸ்த்ராவா, டிராம் பணிமனையின் சாப்பாட்டு அறை.
இரவு ஒன்றே முக்கால்.
வெளியே மின்கம்பிகளில் பனி தடித்துக்கொண்டிருக்கிறது.
உள்ளே இருபத்தாறு டிகிரியில்
ஒரு மழைக்காட்டு ஓடை கண்ணாடிக்குள் முனகுகிறது.

மஞ்சளாகிவிட்டாள் அவள்.
நேற்றுவரை சாம்பல்,
சுண்டுவிரலின் இரண்டு கணு நீளம்,
இருப்பதே தெரியாது.
இன்று எலுமிச்சைத் தோல்,
விலாவில் மை தொட்டு வைத்த புள்ளி,
கன்னத்தில் கரிக்கோடு.
கொட்டாங்கச்சியின் உட்கூரையில் ஒட்டியிருக்கின்றன
அறுபதோ எழுபதோ செம்முட்டைகள்.

காசு கொடுத்து வாங்கிய கொட்டாங்கச்சி.
நூற்றிருபது கொருனா.
டிராஹோமீரா ரசீதைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறாள்,
பாதிப் பணம் இன்னும் வரவில்லை.

ஆண் சிக்லிட் அவளைப்போல் இரு மடங்கு.
கொண்டைத் துடுப்பும் வாலில் தீப்பொறியுமாய்
இந்தத் தொட்டிக்கே மணியக்காரனாக இருந்தவன்
வெப்பமூட்டிக்குப் பின்னால்
தலை மேலாக நிற்கிறான்.
வாலில் ஒரு துண்டு இல்லை.
நியான் டெட்ராக்கள் பதினெட்டும் மேல்மூலையில்,
கடைசி வண்டியைத் தவறவிட்ட கூட்டமாய்.

இன்னொரு ஆணும் உண்டு. அதுதான் வினை.
ஹீனெக் விட்டது.
"ஒண்டியாக இருக்கிறான், பேச்சுத்துணைக்கு ஒருத்தன்."
ஹீனெக் எட்டாம் தடத்தில் ஓட்டுபவன்,
அதற்குமுன் ஒரு பூனைகூட வளர்த்ததில்லை.

துணை அன்று மாலையே பங்காளி ஆனது.
மரவேருக்கும் பூந்தொட்டிக்கும் நடுவே ஒரு வரப்பு,
யாரும் போடாதது,
இருவருக்கும் மனப்பாடம்.
இவன் நாலு விரற்கடை முன்னேறினால்
அவன் செவுள் விரித்து நாலு விரற்கடை.
வாயும் வாயும் பூட்டிக்கொண்டு
மணலில் உருண்டார்கள் பதினோரு நாள்.
முற்றுகைக்கு ஒரு பூ, காவலுக்கு ஒரு பூ என்று
சூடிக்கொள்ள இங்கே எதுவும் பூப்பதில்லை.
ஜாவா பாசிதான்.
அதையும் பாதி பிய்த்தாயிற்று.

அந்தப் பதினோரு நாளும்
டிராஹோமீராவும் ஹீனெக்கும்
ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து
பேசாமல் பூண்டு சூப் குடித்தார்கள்.
உப்பு வேண்டுமென்றால்
மூன்றாமவரிடம் கேட்டார்கள்.

பிறகு இவள் முட்டையிட்டாள்.
வரப்பு, வேர், பூந்தொட்டி எல்லாம் ஒரே ராத்திரியில் அவளுடையவை.
கோரிடோரஸ் கெளுத்திக்கு மட்டும் அது எட்டவேயில்லை:
மீசையால் தரையைத் துழாவிக்கொண்டு
கொட்டாங்கச்சிக்குள் போகிறது,
அடி வாங்குகிறது, திரும்புகிறது,
ஏன் திரும்பினோம் என்பதை மறந்து
மறுபடி போகிறது.

இரண்டு மணிக்கு டிராஹோமீரா சட்டைக்கையை மடித்தாள்.
சின்னவனைப் பிடிக்க நாற்பது நிமிடம்.
வெள்ளரி ஊறுகாய் ஜாடி,
காடி வாசனை போக ஏழு முறை அலசியது.
ஹீனெக் எழுந்து வந்து
தன் கழுத்துத் துணியை ஜாடிக்குச் சுற்றினான்.
"மூடியில் ஓட்டை போட்டாயா?"
"போட்டேன்."
அவ்வளவுதான்.

மூன்று ஐம்பத்தெட்டு, முதல் வண்டி.
மைனஸ் ஒன்பது.
ஓட்டுநர் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஜாடி.
துணி சற்று நழுவியதும்
கறுத்த ஜன்னலில் எவனோ ஒருவனைப் பார்த்துவிட்டான் அவன்.
அதே உயரம், அதே கிழிந்த துடுப்பு.
கொண்டையை உயர்த்தினான். அவனும் உயர்த்தினான்.
மூன்று நிறுத்தம்வரை இதே கதை.
நாலாவதில் ஹீனெக் உள்விளக்கை அணைத்தான்.
ஏறக் காத்திருந்த செவிலிப்பெண்
வண்டி பழுதென்று நினைத்துவிட்டாள்.

காலையில் தொட்டியின் விளக்கு எரிந்தபோது
முட்டைகள் இல்லை.
முதல் ஈடு, பயத்தில் அவளே தின்றிருப்பாள்
என்றாள் டிராஹோமீரா, யாரும் கேட்காமலே.
மறுபடி சாம்பல்.
பெரியவன் வெப்பமூட்டியை விட்டு
இரண்டு விரற்கடை வெளியே வந்திருக்கிறான்.

கெளுத்தி கொட்டாங்கச்சிக்குள் போகிறது.
யாரும் அடிக்கவில்லை.
குழம்பிப்போய் வெளியே வந்து நிற்கிறது சிறிது நேரம்.
பிறகு மறுபடி போகிறது.