சேதத்தின் காரணம்

சேதத்தின் காரணம் என்ற கட்டத்தில்
'தண்ணீர்' என்று எழுதிவிட்டு
நிமிர்ந்து பார்த்தேன்.
சட்டத்துக்குள் முழுக்கத் தண்ணீர்.

ராஜாஜி சாலை, கப்பல் ஏஜெண்டு அலுவலகம்,
புயல் போய்ப் பதினோராம் நாள்.
கீழ்த்தளத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.
நனைந்த லெட்ஜர்கள் வராந்தாவில்
கருவாடு மாதிரி காய்கின்றன.
கணக்குப் பிரிவு ஹசீனா டார்ச் பிடிக்க
டேப் போட்டு அளக்கிறேன்.
அகலம் ஐந்தடி இரண்டு அங்குலம், உயரம் மூன்றரை அடி.
கித்தான், எண்ணெய் வண்ணம்.
வரைந்தவர் பெயர் இல்லை.
பித்தளைத் தகட்டில் மட்டும்:
மதராஸ், புயலுக்குப் பின், மாலை.

முதல் பார்வைக்கு எல்லாமே மஞ்சள்.
ஆறிப்போன தேநீரின் மஞ்சள்.
முக்கால் பங்கை வானம் எடுத்துக்கொள்ள
மீதியில் நெருக்கியடிக்கிறது கடல்.
இடது மூலையில் கிளம்பும் ஓர் அலை
சாய்வாக ஏறி ஏறி
வலது மேலே கிழிந்த மேகத்தில் போய் முடிகிறது.
கண்ணுக்கு வேறு வழியே விடவில்லை அந்த ஆள்.
அலையின் இடுப்பில் ஒரு மசூலாப் படகு,
கொட்டாங்கச்சி அளவு.
அதில் தொப்பி வைத்த ஒருவருக்கு
மூக்கு உண்டு, மீசை உண்டு, பயம்கூட உண்டு.
துடுப்புப் போடும் எட்டுப் பேருக்கு
ஆளுக்கொரு பழுப்புத் தீற்றல்.
சிவப்புக் கோட்டுக்கே
அவ்வளவு வண்ணம் செலவாகியிருக்கிறது.

"நேரே அடிங்கம்மா" என்றேன்.
நேரே அடித்தால் வெறும் பளபளப்பு.
கை வலித்ததோ என்னவோ,
டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து
ஓரத்திலிருந்து வெளிச்சத்தைப் படுக்கவைத்தாள்.

எழுந்தது.

வண்ணத்தின் தடிப்பெல்லாம் நிழல் போட்டு எழுந்தது.
நுரை, கத்தியால் அப்பிய வெள்ளை,
காய்ந்த சுண்ணாம்பாய் விளிம்பு தூக்கி.
வானம் வழவழவென்று
கட்டைவிரலால் தேய்த்தது;
ஓரிடத்தில் ரேகைகூட.
எட்டுத் தீற்றலும்
எட்டு முதுகாயின.

அப்புறம்தான் கவனித்தேன்,
வெள்ளம் நின்றுபோன கறை
சுவரில் இடப்பக்கமிருந்து வந்து
சட்டத்துக்குள் நுழைந்து
வலப்பக்கம் வெளியேறிப் போகிறது,
படத்தின் அடிவானம் இருக்கும் அதே உயரத்தில்.
நனைந்தது கடல் மட்டும்.
வானத்தில் ஒரு சொட்டு இல்லை.

'சூரிய அஸ்தமனக் காட்சி' என்று குறிப்பில் எழுதினேன்.
ஹசீனா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"நம்ம ஊர்ல சூரியன் என்னிக்கு சார் கடல்ல மறைஞ்சுது?"

நாற்பத்தாறு வருஷமாக இதே ஊரில்,
இதே கடலுக்கு முதுகு காட்டிச்
சாயங்காலம் வீடு திரும்புகிறவன் நான்.
தகடு சொன்னதை நம்பியிருக்கிறேன்.

வலப்பக்கக் கட்டை ஈரத்தில் வாய் பிளந்திருந்தது.
பேனா மூடியால் மெல்ல நெம்பினேன்.
இத்தனை காலம் சட்டம் மூடிவைத்த விரலகலம்,
சுருட்டுப் புகையும் விளக்குக் கரியும் தொடாத விரலகலம்.
அங்கே மஞ்சள் இல்லை.
மேலே புறாக் கழுத்தின் சாம்பல்.
அது கரையும் இடத்தில் இறால் தோலின் சிவப்பு.
கீழே, அடிவானத்தை ஒட்டி,
பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒன்று.
இரண்டரை அடி நீளத்துக்கு
விடிந்துகொண்டிருந்தது.

அப்படியானால் அந்த எட்டுப் பேர்
கரைக்குத் திரும்பவில்லை.
இப்போதுதான் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

பூஞ்சை: ஆம்.
விரிசல்: ஆம், கீழ்ப்பகுதி.
நிறமாற்றம்:
பேனா அங்கேயே நின்றது.
எது மாறியது, எந்த வருஷம்,
எவருடைய சுருட்டில்?

"எழுதிட்டீங்களா சார்? பாட்டரி போகுது."
டார்ச் தளர்ந்து மஞ்சளாக
படத்தில் மறுபடி மாலை.
"நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க.
அந்த ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.
துறைமுகச் சுவர்தான் தெரியும்,
ஆனா வெளிச்சம் வரும்."